கோலாலம்பூர் வீட்டு வாசலுக்குப் புல்: தேர்வும் நடவும் பராமரிப்பும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் புது வீட்டுச் சாவி வாங்கியவர்கள் நர்சரிக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் புல் அழகா இருக்கும்?" அதற்கு வரும் பதிலும் தெரிந்ததுதான்: "கொரியா புல் போடுங்க அக்கா, கார்ப்பெட் மாதிரி இருக்கும்." அந்த இடத்தில் நர்சரிக்காரர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வாசலில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது? மழை விட்டபின் தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது? வாராவாரம் வெட்டப் போவது யார்? இதற்கெல்லாம் விடை கையில் இருந்தால் புல்லின் பெயர் தானாக வந்துவிடும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில், "பேசாமல் டைல்ஸ் ஒட்டிவிடலாமா?" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். புல்லில் இரண்டு கூட்டம் உண்டு. ரை கிராஸ், ஃபெஸ்க்யூ, கெண்டக்கி புளூகிராஸ் எல்லாம் குளிர்நாட்டுக் கூட்டம். 15 முதல் 24 டிகிரி வரைதான் அவற்றுக்குச் சுகம். இன்னொரு கூட்டம் 27 முதல் 35 டிகிரி வெப்பத்தில்தான் வேகமெடுக்கும். கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி; இரவிலும் 24-க்குக் கீழே அதிகம் இறங்காது. ஆகவே நமக்கு இரண்டாவது கூட்டம் மட்டும்தான். இணையக் கடைகளில் பச்சைப் பசேலென்று படம் போட்டு விற்கும் விதைப் பாக்கெட்டுகளில் பல முதல் கூட்டத்தைச் சேர்ந்தவை. முளைக்கும், சில வாரம் ஆசை காட்டும், அப்புறம் அழுகிப் போகும். அமெரிக்க யூடியூப் வீடியோக்களின் உர அட்டவணையும் நமக்கு உதவாது. அங்கே குளிர்காலத்தில் புல் உறங்கும். இங்கே ஆண்டு முழுக்க வளரும், அதனால் ஆண்டு முழுக்க வெட்ட வேண்டும்.

வெயிலைக் கணக்கெடுங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை, மணிக்கு ஒரு முறை வாசலைப் போனில் படம் எடுங்கள். எத்தனை படத்தில் தரையில் நேரடி வெயில் இருக்கிறது என்று எண்ணினால் போதும். பகல் பன்னிரண்டை உச்சி வெயில் என்று நினைத்துவிட வேண்டாம். தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக் நேரத்தோடு சேர்ப்பதற்காக அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணி தாண்டித்தான்.

வீடு எந்தத் திசை பார்க்கிறது என்பதும் முக்கியம், வாஸ்துவுக்காக அல்ல. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். உச்சிப் பொழுதில்கூட வீட்டு நிழல் வடக்குப் பக்கம், வீட்டு உயரத்தில் பாதித் தூரம் விழும். ஏழு மீட்டர் உயர மாடி வீடு என்றால் மூன்றரை மீட்டர். ஜூனில் இதே கதை தெற்குப் பக்கம், கொஞ்சம் குறைவாக. ஆகவே வடக்கு வாசல் வீட்டுக்காரர் ஜூன் மாதத்தில் எடுத்த படங்களை நம்பி வெயில் பிரியமான புல்லைப் போட்டால், ஆண்டுக் கடைசியில் சுவரோரம் எல்லாம் மெலிந்து மண் தெரியும். கிழக்கு, மேற்கு வாசலுக்கு இந்தச் சிக்கல் குறைவு. இரண்டில் கிழக்கு வாசல் மேல் என்பேன்: கோலாலம்பூரில் பிற்பகல் ஆனால் மேகம் திரண்டு இடி மழை வருவது வழக்கம், காலை வெயில்தான் நம்பிக்கையானது.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் இருந்தால் எந்தப் புல்லும் சரி. நான்கு முதல் ஆறு என்றால், சாலையோரம் எங்கும் பார்க்கும் கவ் கிராஸ் குடும்பம். அதற்கும் கீழே என்றால் புல் ஆசையை விட்டுவிட்டு, கல் பரப்பிப் பெரணி வையுங்கள். பக்கத்து வீட்டு மாமரத்தடியில் மூன்றாவது முறையாகப் புல் மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பணத்துக்கு நல்ல கல் பெஞ்சே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

மண்: பாதிப் பணம் இங்கேதான் போக வேண்டும்

புதுத் தாமான் குடியிருப்புகளில் வாசல் மண் என்பது பெரும்பாலும் மண்ணே அல்ல. செம்மண்ணை லாரியில் கொட்டி, ரோலர் விட்டு நசுக்கி, மேலே ஒரு விரல் கனம் மண் தூவிப் புல் ஒட்டியிருப்பார்கள். மண்வெட்டியை எடுத்து ஒரு சாண் ஆழம் வெட்டிப் பாருங்கள். செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், இறுகிய சிமெண்டுக் கட்டி எல்லாம் வரும். இதையெல்லாம் பொறுக்கி எடுக்காமல் மேலே எந்தப் புல் போட்டாலும் வேர் இறங்காது. பத்து நாள் மழை இல்லை என்றால் திட்டுத் திட்டாகக் காயும்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. ஒரு அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கினால் நல்ல மண். மறுநாள் காலையிலும் நின்றால், புல் வாங்கும் முன் வடிகாலைச் சரி செய்தே ஆக வேண்டும். தரை வீட்டுச் சுவரிலிருந்து லோங்காங் (வடிகால்) பக்கம் மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிந்திருக்கட்டும். பள்ளம் விட்டுவைத்தால் புல் அழுகுவது ஒரு புறம், ஏடிஸ் கொசு இன்னொரு புறம். டிங்கி சோதனைக்கு வருகிறவர்கள் பூந்தொட்டித் தட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஆனால் வாசல் பள்ளத்தை விட்டுவிட மாட்டார்கள்.

இறுகிய மண்ணை 15 சென்டிமீட்டர் வரை கொத்தி, மக்கிய உரம் கலக்குங்கள். களிமண்ணில் மணலை மட்டும் கொஞ்சமாகக் கொட்டினால் அது இன்னும் கெட்டியாகும். மணல் போட்டால் மக்கையும் சேர்த்துப் போட வேண்டும். நம் செம்மண் புளிப்பு மண். நர்சரியிலும் உரக் கடையிலும் ஜிஎம்எல் என்று கேட்டால் சுண்ணாம்புத் தூள் தருவார்கள். சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் தூவிக் கிளறி, இரண்டு வாரம் விடுங்கள். சுண்ணாம்பும் ரசாயன உரமும் ஒரே நாளில் வேண்டாம். தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

லாரியில் வரும் கறுப்பு மண்ணை வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. அதில் ஒரு கைப்பிடி எடுத்து உதிர்த்துப் பாருங்கள். உத்திராட்ச மணி போலக் கறுத்த சிறு கிழங்குகள் தென்பட்டால் அது கோரை. ஒரு முறை வாசலுக்குள் வந்துவிட்டால் கோரையை விரட்டுவது பெரும் பாடு. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும். வந்த மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இரண்டு வாரம் காத்திருந்து, முளைப்பதைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுப் புல் போடுவது உத்தமம். சுண்ணாம்புக்குக் காத்திருக்கும் அதே இரண்டு வாரம்தான், தனி நாள் கணக்கு வேண்டாம்.

எந்தப் புல்?

கவ் கிராஸ் நம் ஊரின் அடிப்படைப் புல். பாடாங், பள்ளித் திடல், சாலையோரம் எங்கும் இதுதான். அகன்ற, மழுங்கிய நுனியுள்ள இலை. தரையோடு ஓடும் தண்டு. பூத்தால் விரல் விரித்தாற்போல் இரண்டு மூன்று கதிர். புளிப்பு மண்ணையும் ஈரத்தையும் அரை நிழலையும் தாங்கும், விலையும் குறைவு. மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை வெட்டச் சொல்லும், நீண்ட வறட்சியைத் தாங்காது. முதல் முறை புல் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதையோ இதன் குள்ள வகையான பேர்ல் புல்லையோதான். பேர்ல் சின்ன இலை, அடர்த்தி அதிகம், வெட்டும் வேலை குறைவு. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

ஜப்பான் புல், கொரியா புல், கார்ப்பெட் புல் என்று விற்பவை பெரும்பாலும் சோய்சியா வகைகள். பெயர் கடைக்குக் கடை மாறும், அதனால் பெயரை விட்டு இலையைப் பாருங்கள்: மெல்லிய, விறைப்பான, நுனி கூர்ந்த இலை. முழு வெயில் இருந்தால் அழகுக்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. மெதுவாக வளரும், அதனால் வெட்டும் வேலை குறைவு. ஆனால் களை புகுந்தால் புல் மூடி வருவதற்குள் களை முந்திவிடும். ஊசி இலை வகையை வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைத்து, கீழே பழுப்புத் தட்டும். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் 2023-இல் கவ் கிராஸை எடுத்துவிட்டு சீயோன் சோய்சியா போட்டார்கள். அங்கே கீழே வடிகால் குழாய், மேலே முழுநேரப் பராமரிப்புக் குழு. நம் வாசலில் இருப்பது ஒரு ரப்பர் குழாயும் ஞாயிற்றுக்கிழமையும்.

பெர்முடா என்பது நம் அருகம்புல்லேதான். கோல்ஃப் திடல்களில் அதன் கலப்பின வகைகளைப் போடுவார்கள். வெயில் கொஞ்சம் குறைந்தாலும் மெலிந்துவிடும், வெயில் இருந்தால் பூச்செடிப் பாத்திக்குள்ளும் புகுந்து ஆட்டம் போடும். பிள்ளையாருக்கு வேண்டுமென்றால் தனித் தொட்டியில் வையுங்கள்.

நடும் காலமும் முறையும்

கோலாலம்பூரில் மழை ஆண்டுக்குச் சுமார் 2400 மில்லிமீட்டர். மார்ச் கடைசி முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் அது கூடுதல். நடவை இந்த இரண்டு பருவத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம். தீபாவளிக்கு வாசல் பச்சையாக இருக்க வேண்டும் என்று பண்டிகைக்கு முந்தின வாரம் புல் ஒட்டுவது வீண். திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் கூட்டமும் கனோப்பியும் நாற்காலிக் கால்களும் வேர் பிடிக்காத புல்லைப் பெயர்த்துவிடும். ஆறு வாரமாவது முந்துங்கள்.

விதையைவிட, வேர் மண்ணோடு துண்டு துண்டாக வெட்டி விற்கும் ஒட்டுப் புல்லே இங்கே பாதுகாப்பு. ஒரு சாயங்கால மழை போதும், விதை முழுக்க லோங்காங்கில் கிடக்கும். நர்சரி தேடுகிறவர்கள் சுங்கை பூலோ பக்கம் ஒரு சுற்று போய் வரலாம். 1930-இல் தொடங்கிய பழைய தொழுநோய்க் குடியிருப்பைச் சுற்றி அங்கே வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. துண்டின் அளவைக் கேட்டபின் விலை பேசுங்கள், கடைக்குக் கடை அளவு மாறும். வாசலின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, வெட்டி ஒட்டும் ஓரங்களுக்காகப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளை வேர் தெரிய வேண்டும், கோரையும் தொட்டாற்சிணுங்கியும் இருக்கக் கூடாது. அடுக்கிய புல்லுக்குள் கையை விட்டால் சூடாக இருந்தால் வெட்டி நாளாகிவிட்டது என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

லாரி காலையில் வரட்டும், அன்றே ஒட்டி முடித்துவிடுங்கள். மண்ணை நனைத்து, நேரான ஓரத்திலிருந்து தொடங்கி, அடுத்த வரிசையின் இணைப்புகள் முதல் வரிசையின் நடுவில் வரும்படி மாற்றி மாற்றி நெருக்கி வையுங்கள். மேலே பலகை போட்டு மிதித்து, இடுக்குகளில் மணல் தூவினால் வேலை முடிந்தது. பணம் சுருக்கம் என்றால் துண்டுகளை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் நடலாம். கவ் கிராஸ் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். சோய்சியாவுக்கு அரை வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் பத்து நாள் காலையும் பிற்பகலும் தண்ணீர். மழை பெய்த அன்று விட்டுவிடலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் இறங்கிவிட்டது. அதன் பிறகு தினம் தெளிக்காதீர்கள். இலை சுருளத் தொடங்கும்போது ஆழமாக ஒரு முறை, அதுவும் விடிகாலையில். இரவு முழுக்க ஈரமாக நிற்கும் புல்லில் பூஞ்சணம் வட்ட வட்டமாகப் பரவும்.

வெட்டு

தாமான்களில் புல் கெடுவதற்கு முதல் காரணம் வறட்சியும் அல்ல, பூச்சியும் அல்ல; மொட்டை அடிப்பதுதான். தோளில் மாட்டும் மெஷினோடு வருகிறவர் அடுத்த முறை லேட்டாக வரலாம் என்று மண் தெரிய வெட்டிவிட்டுப் போவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இலை இல்லாத புல் வேரில் இருக்கும் சேமிப்பைத் தின்றுதான் துளிர்க்க வேண்டும். அந்த இடைவெளியில் வெயில் மண்ணில் விழ, காத்திருந்த களை விதையெல்லாம் முளைக்கும். கவ் கிராஸை நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள், நிழல் பக்கம் ஆறு. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்ட வருகிறவரிடம் வாயால் சொன்னால் போதாது. சுண்டுவிரலைத் தரையில் நிறுத்தி, "அண்ணே, இந்த உசரத்துக்கு விட்டுடுங்க" என்று காட்டிவிடுங்கள். சோய்சியாவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை இறக்கலாம்.

உரம் அதிகம் வேண்டாம். பச்சை உரம் என்று சொல்லும் 15:15:15 சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிராம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, புல் உலர்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் கருகும்.

களையைக் கையால் எடுப்பதே நல்லது. தரையோடு படரும் தட்டைத் தண்டுள்ள சம்பாவ் புல்லை மழை பெய்த மறுநாள் அடியோடு பிடுங்கினால் வரும். களைக்கொல்லி மருந்துக்கு அது எளிதில் மசியாது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை எதிர்த்து நிற்கும் சம்பாவ் 1997-லேயே மலேசியாவில் பதிவாகிவிட்டது. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் இங்கே தடை; பழைய டப்பா யாராவது கொடுத்தாலும் தொடாதீர்கள்.

காலையில் மைனாக்கள் தினமும் ஒரே இடத்தில் கூடிக் கொத்துகின்றனவா? அங்கே புழுவோ பிள்ளைப்பூச்சியோ இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து அந்த இடத்தில் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் மேலே ஏறி வரும். ஒன்றிரண்டு என்றால் மைனாவே பார்த்துக்கொள்ளும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு

ரவாங், செமினி, காப்பார் பக்கம் கொட்டகை வைத்திருக்கும் நம்மவர்கள் கணக்கே வேறு. தீனிப் புல்லில் அழகைப் பார்க்க வேண்டியதில்லை, எடையும் சத்தும்தான். தோராயமாக ஒரு மிருகம் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் ஒரு நாளைக்குத் தின்னும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம்: 30 கிலோ ஆட்டுக்கு 3 கிலோ, 300 கிலோ மாட்டுக்கு 30 கிலோ.

வெட்டிப் போடுவதானால் நேப்பியர். முற்றிய தண்டை மூன்று கணுவாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து, ஒரு மீட்டர் இடைவெளியில் நடுங்கள். தாய்லாந்திலிருந்து வந்த பாக்சோங் வகை உயரமும் எடையும் கொடுக்கும். முதல் வெட்டு இரண்டு இரண்டரை மாதத்தில், அப்புறம் 40 முதல் 50 நாளுக்கு ஒரு முறை. அதற்கு மேல் விட்டால் எடை கூடும், ஆனால் தண்டு மரமாகி ஆடு இலையை மட்டும் கடித்துவிட்டுத் தண்டை ஒதுக்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கொட்டகைச் சாணத்தைத் திருப்பிப் போட வேண்டும். நேப்பியர் மண்ணைச் சுரண்டித் தின்னும் புல். தண்ணீர் தேங்கும் இடத்தில் நட வேண்டாம்.

ரப்பர், செம்பனை மர நிழலில் கினிப் புல் பரவாயில்லை. அவிழ்த்துவிட்டு மேய்ப்பதானால் மிதி தாங்கும் ஹ்யூமிடிகோலா புல் நல்லது. சிக்னல் புல் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மாட்டுக்குப் பெரிய பாதகம் இல்லை, ஆனால் ஆட்டையும் செம்மறியையும் அதை மட்டுமே மேயவிட்டால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட காதும் முகமும் வீங்கித் தோல் உரியும். அப்படிக் கண்டால் உடனே நிழலில் கட்டி, புல்லை மாற்றி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மேய்ச்சல் நிலத்தை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஐந்து வாரம் ஓய்வு கொடுங்கள். பனி உலர்ந்தபின் ஆட்டை அவிழ்ப்பதும், புல் ஒரு சாணுக்குக் கீழே இறங்கும் முன் அடுத்த துண்டுக்கு மாற்றுவதும் முக்கியம். குடற்புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம்.

சாலையோரத்தில் இலவசமாகக் கிடைக்கும் புல்லை அறுத்து வருகிறவர்கள், புல் எங்காவது மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கிறதா என்று நூறு அடி நடந்து பார்த்துவிட்டு அறுக்கத் தொடங்குங்கள். களைக்கொல்லி அடித்த முதல் சில நாள் புல் பச்சையாகவே தெரியும். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு வேறு இடத்தில் அறுங்கள்.